வரியிலிருந்து வலைக்கு: கோட்டுரு இலக்கணங்களின் வரலாறும் கோலமும்

முன்னுரை

இலக்கணம் என்னும் சொல் தமிழ் மரபில் எழுத்துக்கும் சொல்லுக்கும் மட்டுமே உரியதாக நின்றதில்லை. பொருளுக்கும் யாப்புக்கும் அணிக்கும் இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இலக்கணம் பற்றிய மேலை மொழியியலின் கருத்து கணிதத்தினுள்ளும் கணினியியலினுள்ளும் புகுந்து, மொழியொடு தொடர்பில்லாத பொருள்களையும் ஆளத் தொடங்கியது. அவ்வாறு தோன்றிய துறைகளுள் ஒன்று கோட்டுரு இலக்கணம்.

கோட்டுரு என்பது முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட அமைப்பு. பள்ளிக் கணக்கில் அளவுகளைக் குறித்து வரையும் வரைபடம் வேறு, இது வேறு. ஊர்களும் அவற்றிடையே செல்லும் சாலைகளும், ஒரு குடும்பத்தின் உறவுமுறை, ஒரு மூலக்கூறின் அணுப்பிணைப்பு ஆகிய யாவும் கோட்டுருக்களே. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டுமே கடந்து சுற்றிவர இயலுமா என்னும் வினாவிற்கு லியோனார்டு ஆய்லர் 1736ஆம் ஆண்டு அளித்த விடையிலிருந்து இவ்வியலின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம்.

எழுத்துத்தொடரை ஆண்ட இலக்கணம் கோட்டுருவை ஆளப் புகுந்தபோது எதிர்ப்பட்ட சிக்கல் யாது, அச்சிக்கலின் வரலாற்றில் தமிழகத்துக் கோலம் பெற்ற இடம் யாது, அவ்விடத்தை நாம் எவ்வளவு கூறலாம், எதைக் கூறலாகாது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

விதியும் எழுத்துத்தொடரும்

நார்வே நாட்டுக் கணித அறிஞர் ஆக்சல் தூ, குறியீட்டுத் தொடர்களை விதிப்படி மாற்றி எழுதுவது பற்றி 1914இல் எழுதினார். அதற்கு நான்காண்டு முன்னரே, 1910இல், கிளைபிரியும் மர வடிவங்களை மாற்றி எழுதுவது பற்றியும் அவர் ஆராய்ந்திருந்தார். எமில் போஸ்ட் 1943இல் இக்கருத்தை மேலும் வளர்த்தார். நோம் சோம்ஸ்கி 1956ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் 1957ஆம் ஆண்டு நூலிலும் இயற்கை மொழியின் வாக்கியங்களை ஆக்கித் தரும் விதித்தொகுதியாக இலக்கணத்தை வரையறுத்தார். ஒரு தொடக்கக் குறி, மாற்றியெழுதும் சில விதிகள், அவற்றை மீண்டும் மீண்டும் செலுத்துவதால் பிறக்கும் எண்ணற்ற தொடர்கள் என்பதே அதன் சுருக்கம். விதிகளின் கட்டுப்பாட்டுக்கு ஏற்ப இலக்கணங்களை நான்கு படிநிலைகளாக அடுக்கும் முறையும் அவரால் நிலைபெற்றது. நிரல்மொழிகளின் தொடரமைப்பை வரையறுக்க இம்முறை உடனே பயன்பட்டது. 1960இல் வெளிவந்த அல்கால் மொழியின் அறிக்கை இதற்குச் சான்று.

இவ்விலக்கணங்கள் அனைத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. அவை ஆளும் பொருள் ஒரு வரி. வரியில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு அண்டைகளே உண்டு. படத்திலும் வலையிலும் இந்த ஒழுங்கு இல்லை.

வரியை விட்டு வெளியேறல்

வரியைக் கடந்து படத்துக்கு இலக்கணம் காண முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் சென்னையில் 1926இல் பிறந்த ஆர். நரசிம்மன். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ‘டிஃப்ராக்’ கணிப்பொறியை வடிவமைத்த குழுவை வழிநடத்திய அவர், 1961 முதல் 1964 வரை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். துகள் இயற்பியலார் எடுத்த குமிழ்க்கலன் ஒளிப்படங்களில் துகள்களின் தடங்களைப் பொறியே கண்டறிய வேண்டும் என்பது அங்கிருந்த தேவை. தடம் எங்கே தொடங்குகிறது, எங்கே கிளைக்கிறது, எங்கே முடிகிறது என்பனவற்றைத் தொடரியல் முறையில் விவரிக்கலாம் என அவர் 1964, 1966ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் காட்டினார். படத்தைப் புள்ளிகளின் குவியலாகக் கொள்ளாது, உறுப்புகளும் உறவுகளும் உடைய ஒரு வாக்கியமாகக் கொண்டமை அவரது பங்களிப்பு.

அதன்பின் பல இடங்களில் ஒரே காலத்தில் முயற்சிகள் எழுந்தன. உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் உயிரணுக்களின் வளர்ச்சியை விவரிக்க, எல்லாக் குறிகளையும் ஒருங்கே மாற்றியெழுதும் முறையொன்றை அமைத்தார். ஜான் ஃபால்ட்ஸ், ஆஸ்ரியல் ரோசன்ஃபெல்ட் ஆகிய இருவரும் 1969இல் வாஷிங்டனில் நடந்த செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் ‘வலை இலக்கணம்’ என்னும் கருத்தை முன்வைத்தனர். ஜெர்மனியின் ஹான்ஸ் யூர்கன் ஷ்னைடர் 1970இல் சோம்ஸ்கியின் முறையைப் பகுதி வரிசைகளுக்கு விரித்தார். தொடருக்குப் பதிலாகக் கோட்டுருவின் ஒரு பகுதியை எடுத்து, அவ்விடத்தில் வேறொரு கோட்டுருவை வைப்பது என்பது இம்முயற்சிகள் கோட்டுரு இலக்கணத்துக்கு வகுத்துத் தந்த அடிப்படை.

பொருத்தும் இடம் பற்றிய சிக்கல்

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வடிப்படையில் ஒரு கடுஞ்சிக்கல் உள்ளது. ஒரு தொடரின் நடுவில் ஓர் எழுத்தை நீக்கி மூன்று எழுத்துகளை வைத்தால், முதலாவது இடப்பக்க அண்டையொடும் மூன்றாவது வலப்பக்க அண்டையொடும் சேரும், ஐயத்துக்கு இடமில்லை. கோட்டுருவில் ஐந்து அண்டைகளை உடைய ஒரு முனையை நீக்கி, மூன்று முனைகள் கொண்ட சிறு கோட்டுருவை வைத்தால், அறுபட்ட ஐந்து விளிம்புகளும் அம்மூன்றனுள் எதனொடு சேரும்? விதி இதனைச் சொல்லாவிடில் விதியே முற்றுப்பெறாது. இதுவே பொருத்தல் சிக்கல் எனப்படுவது. கோட்டுரு இலக்கண வரலாற்றின் பெரும்பகுதி இவ்வொரு வினாவிற்குக் கண்ட விடைகளின் வரலாறு எனலாம்.

விடைகள் இருவகைப்பட்டன. முதல்வகை ஒட்டுமுறை. ஹார்ட்முட் எஹ்ரிக், மைக்கேல் ஃபெண்டர், ஷ்னைடர் ஆகிய மூவரும் 1973இல் இதனை இயற்கணித வடிவில் தந்தனர். ஒவ்வொரு விதிக்கும் மூன்று உறுப்புகள் உண்டு: நீக்கப்படுவதை உட்கொண்ட இடக்கோட்டுரு, புதியதை உட்கொண்ட வலக்கோட்டுரு, இரண்டுக்கும் பொதுவாக மாறாது நிற்கும் இணைப்புப்பகுதி. புதிய பகுதி இணைப்புப்பகுதி வழியாகவே எஞ்சிய கோட்டுருவொடு ஒட்டும். விதியில் குறிக்கப்படாத ஒரு விளிம்பு, நீக்கப்படும் முனையொடு சேர்ந்திருக்குமானால் அவ்விதியைச் செலுத்தலாகாது. செலுத்தினால் ஒரு முனையற்ற விளிம்பு அந்தரத்தில் தொங்கும். இரண்டாம் வகை இணைப்புமுறை. ஒவ்வொரு முனையும் ஒரு குறிப்பெயரைத் தாங்கும். எக்குறிப்பெயருடைய புதிய முனை எக்குறிப்பெயருடைய பழைய அண்டையொடு சேரும் என்பதை விதி தனியே கூறும். டிர்க் யான்சென்ஸ், கிரெகோர் ரோசன்பெர்க் ஆகியோர் 1980இல் அமைத்த இலக்கணம் இவ்வகையின் புகழ்பெற்ற வடிவம்.

இத்துறைக்கென முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு 1978இல் ஜெர்மனியின் பாட் ஹோனெஃப் நகரில் கூடியது. 1982, 1986, 1990, 1994, 1998ஆம் ஆண்டுகளில் அது தொடர்ந்தது. 2002 பார்சிலோனாக் கூட்டம் முதல் பன்னாட்டு மாநாடாக நடைபெறுகிறது. ரோசன்பெர்க்கைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கையேட்டின் முதல் தொகுதி 1997இலும், ஏனைய இரு தொகுதிகள் 1999இலும் வெளிவந்தன.

தாம்பரமும் கோலமும்

இவ்வரலாற்றினுள் தமிழகம் நுழையும் இடம் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அக்கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோன்மணி, கணிதப் பேராசிரியர் இராணி சிரோன்மணி, பின்னாளில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய கமலா கிரித்திவாசன் ஆகிய மூவரும் 1972 முதல் பட மொழிகள் பற்றித் தொடர்ந்து எழுதினர். 1974இல் வெளிவந்த அவர்களது கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் என்னும் சொல் இடம்பெற்றது. கிஃப்ட் சிரோன்மணியின் பெயர் தமிழ் ஆய்வாளர்க்குப் புதியதன்று. மாமல்லபுரச் சிற்பங்களின் அளவீடு, பழைய எழுத்து வடிவங்கள் ஆகியவற்றை ஆராய்ந்தவர். திருக்குறளைப் பண்டை எழுத்து வடிவங்களில் அமைத்து 1980இல் வெளிவந்த நூலின் ஆசிரியர்களுள் ஒருவர்.

அவர்கள் அமைத்த இலக்கணத்தை வரிசையணி இலக்கணம் எனக் குறிப்பது நலம். அணி இலக்கணம் என்றால் தண்டியலங்காரம் நினைவுக்கு வரும். குறுக்கும் நெடுக்குமாக நிரையாக நிற்கும் குறிகளின் தொகுதியே வரிசையணி. நேர்ப்புள்ளிக் கோலத்தின் அடிப்படை அமைப்பும் அதுவே. ஒரு கோலத்தைச் சுற்றி ஒரு நிரையைச் சேர்த்தும் ஒரு நிரலைச் சேர்த்தும் அதன் அடுத்த பெரிய வடிவத்தைப் பெறலாம் என்னும் கருத்தை அவர்கள் விதிகளாக்கினர். அக்கோலக் குடும்பங்கள் சோம்ஸ்கியின் படிநிலைகளுக்கு ஒப்ப வகைப்படுவதையும் காட்டினர். 1976இல் அறுகோண வரிசையணிகளையும் ஆராய்ந்தனர். இது நம் இடுக்குப்புள்ளி அமைப்புக்கு இணையானது. அதன் பயனாக, இரு பரிமாணப் பட மொழிகள் பற்றிய ஆய்வு நூல்களில் ‘கோலம் இலக்கணம்’ என்பது ஒரு கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. தமிழே அறியாத ஐரோப்பிய ஆய்வாளரும் அச்சொல்லை அவ்வாறே ஆள்கின்றனர்.

கம்பிக் கோலம் மற்றொரு வினாவை எழுப்பியது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் அக்கோட்டுக்குத் தொடக்கமும் இல்லை, இறுதியும் இல்லை. எழுத்துத்தொடருக்கோ இரண்டும் உண்டு. ரோசன்ஃபெல்ட் 1975இல், இருமுனையும் ஒன்றாகிய வட்டத்தொடர்களை மாற்றியெழுதும் ‘வட்ட இலக்கணம்’ பற்றி ஒரு சிறுகட்டுரை எழுதியிருந்தார். கிஃப்ட் சிரோன்மணியும் இராணி சிரோன்மணியும் இவ்விலக்கணத்தைக் கம்பிக் கோலத்தொடு பொருத்தினர். நேரே செல்லல், இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ பல்வேறு அளவில் வளைதல் எனக் கம்பியின் நகர்வுகளைச் சில எழுத்துகளாகக் குறித்தனர். அவ்வெழுத்துகளின் வட்டத்தொடரை விதிப்படி மாற்றினால் அடுத்த பெரிய கோலம் கிடைக்கும். 1986 டிசம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து வாரண்டனில் கூடிய மூன்றாம் கோட்டுரு இலக்கணக் கருத்தரங்கின் தொகுப்பில் இக்கட்டுரை 1987இல் அச்சேறியது. கிஃப்ட் சிரோன்மணி 1988இல் மறைந்தார்; அவர் நினைவாக நரசிம்மன் பதிப்பித்த தொகுப்பு 1989இல் வெளிவந்தது. பட இலக்கணத்தின் இரு தமிழக வழிகள் இந்நூலில் சந்திக்கின்றன.

கோலத்தை அறிஞர் உலகம் முதன்முதலில் கண்டது இவர்களால் அன்று. எச். ஞான துரை 1929இலும் ஜான் லேயர்ட் 1937இலும் மானிடவியல் இதழ்களில் கோலங்களை வரைந்து காட்டினர். அவர்கள் நோக்கியது முடிந்த வடிவத்தை. தாம்பரத்தார் நோக்கியது அவ்வடிவம் ஆகிவரும் வழியை.

ஒரு சான்று: கம்பிகளை ஒன்றாக்கல்

கோட்டுரு விதி செயல்படும் முறையை ஒரு கோலத்தில் வைத்துக் காணலாம். நேர்ப்புள்ளிகளை இட்டு, பக்கத்தில் அமைந்த ஒவ்வோர் இரு புள்ளிக்கும் இடையே கம்பி வெட்டிச் செல்லுமாறும், ஓரங்களில் வளைந்து திரும்புமாறும் ஒரு சிக்குக் கோலம் இடுவதாகக் கொள்வோம். மூன்று வரிசையில் நான்கு நான்கு புள்ளி வைத்தால் முழுக்கோலமும் ஒரே கம்பியாக முடியும். மூன்று வரிசையில் மும்மூன்று புள்ளி வைத்தால் மூன்று தனிக் கம்பிகள் தேவைப்படும். கம்பிகளின் எண்ணிக்கை, வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்திக்குச் சமம் என்பது இதன் பொதுவிதி.

கம்பி வெட்டும் இடங்களை முனைகளாகவும் இடைப்பட்ட வளைவுகளை விளிம்புகளாகவும் கொண்டால் கோலம் ஒரு கோட்டுருவாகும். 3க்கு 3 கோலத்தில் 12 முனைகள்; ஒவ்வொரு முனையிலும் நான்கு விளிம்புகள் சேரும். எல்லா முனையிலும் இரட்டை எண்ணிக்கையில் விளிம்புகள் சேர்வதால், ஆய்லரின் முடிவுப்படி இக்கோட்டுருவைக் கை எடுக்காமல் வரைந்துவிடலாம். எனினும், வெட்டும் இடத்தில் திரும்பாது நேரே கடக்க வேண்டும் என்பது கம்பிக் கோலத்தின் கட்டளை. அக்கட்டளை ஆய்லரின் நிபந்தனையினும் கடுமையானது. அதனாலேயே இங்கு மூன்று கம்பிகள் வருகின்றன.

இவற்றை ஒரே கம்பியாக்க ஒரு விதி போதும். வெட்டும் முனையை நீக்கி, அங்கு வந்த நான்கு முனைவுகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்றையொன்று தொடாத இரு வளைவுகளாக்குக என்பதே அவ்விதி. எஹ்ரிக் முதலியோரின் நடையிற் சொன்னால், நீக்கப்படுவது வெட்டுமுனை. வைக்கப்படுவன இரு வளைவுகள். மாறாது நிற்கும் இணைப்புப்பகுதி அந்நான்கு முனைவுகள். நான்கும் விதியில் குறிக்கப்பட்டிருப்பதால் எந்த விளிம்பும் அந்தரத்தில் தொங்காது. வெவ்வேறு இரு கம்பிகள் வெட்டும் இடத்தில் இவ்விதியைச் செலுத்தினால் அவை ஒன்றாகும். இருமுறை செலுத்தினால் மூன்று கம்பிகள் ஒன்றாகி, 10 வெட்டுமுனைகள் உள்ள ஒற்றைக் கம்பிக் கோலம் கிடைக்கும். கிவாமு யனகிசாவா, ஷோஜிரோ நகாதா ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல், ஒவ்வோர் இடையிடத்திலும் கம்பி வெட்டுகிறதா, வெட்டாது விலகுகிறதா என்னும் இருநிலைத் தேர்வைக் கொண்டே கோலங்களை ஆக்கி ஆராய்ந்தனர்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஒரே கம்பி தன்னைத்தானே வெட்டும் இடத்தில் அதே விதியைச் செலுத்தினால், முனைவுகளைச் சேர்க்கும் முறைக்கேற்ப அது இரண்டாகப் பிரியவும் கூடும். வெட்டும் இடத்தை மட்டும் பார்த்தால் இரண்டு நிலைகளும் ஒன்றுபோலவே தோன்றும். அங்கு வந்து சேரும் கம்பிகள் வேறானவையா, ஒன்றேயா என்பது கோலம் முழுவதையும் சுற்றி வந்தாலன்றித் தெரியாது. ஆகவே, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறமோ குறிப்பெயரோ கொடுத்து, அக்குறிப்பெயரை விதி படித்தறியுமாறு செய்தல் வேண்டும். தொலைவில் உள்ள செய்தியை விதி செயல்படும் இடத்துக்குக் கொண்டுவந்து தருவது குறிப்பெயரே.

கணினியியலில் பயன்கள்

கோட்டுரு விதிகள் கணினியியலின் பல கிளைகளில் வேரூன்றின. கிறிஸ்டோபர் வாட்ஸ்வொர்த் 1971இல், கணிப்புக் கோவைகளை எழுத்துத்தொடராக வைக்காது கோட்டுருவாக வைக்கும் முறையை ஆராய்ந்தார். மூன்றும் நான்கும் கூட்டிய தொகையை அதே தொகையால் பெருக்க வேண்டுமெனில், வரியில் அக்கூட்டல் இருமுறை எழுதப்படும், இருமுறை செய்யப்படும். கோட்டுருவில் அது ஒரே முனையாக நின்று இரு விளிம்புகளால் சுட்டப்படும், ஒருமுறையே செய்யப்படும். டேவிட் டர்னர் 1979இல் இதனை ஒரு நிரல்மொழியின் செயலாக்கத்தில் பயன்படுத்தினார்.

மென்பொருளின் அமைப்பு வரைவுகளை ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்றுவதற்கு ஆண்டி ஷூர் 1994இல் அமைத்த மும்மைக் கோட்டுரு இலக்கணம் பயன்படுகிறது. வேதியியலில் மூலக்கூறு கோட்டுருவாகவும் வேதிவினை விதியாகவும் கொள்ளப்படுகின்றன. மொழியியலிலும் இதன் தாக்கம் உண்டு. வாக்கியத்தின் பொருளைக் கோட்டுருவாகக் குறிக்கும் முறையொன்று 2013இல் முன்வைக்கப்பட்டது. அவ்வாண்டே அத்தகைய கோட்டுருக்களை இலக்கணம்கொண்டு பகுக்கும் வழிமுறையும் வெளிவந்தது. லிண்டன்மேயரின் வழியில் வந்த செடிகொடிகளின் கணினி வரைவியல், 1990இல் பிரெமிஸ்லா புருசின்கீவிச்சுடன் அவர் பெயரில் வெளிவந்த நூலால் புகழ்பெற்றது.

இவ்விரிவுக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு விதித்தொகுதியை எந்த வரிசையில் செலுத்தினாலும் ஒரே முடிவு கிட்டுமா என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். விதிகள் எப்போதும் ஓரிடத்தில் முடியும் எனத் தெரிந்தால், எழுத்துத்தொடர்களைப் பொறுத்தவரை இதனைப் பொறிமுறையால் முடிவுசெய்துவிடலாம். கோட்டுருக்களுக்கு அவ்வாறு முடிவுசெய்யும் பொதுவழி எதுவும் இருக்க முடியாது என டெட்லெஃப் பிளம்ப் 1993இல் நிறுவினார். வரியிலிருந்து வலைக்குச் செல்லும் இலக்கணம் ஆற்றலைப் பெறும்போதே சில உறுதிப்பாடுகளை இழக்கிறது.

புணர்ச்சி விதியும் குறிப்பெயரும்

இவ்வரலாற்றைக் கற்கும் தமிழ் ஆய்வாளர் ஒருவர்க்குத் தொல்காப்பியப் புணரியல் நினைவில் எழுதல் இயல்பு. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் கூடுமிடத்து மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என்னும் மூன்று திரிபுகள் கூறப்படுகின்றன. மாற்றல், சேர்த்தல், நீக்கல் என்னும் இம்மூன்றே எந்த மாற்றியெழுதும் முறைக்கும் அடிப்படை. எனினும், இவ்வொற்றுமையைக் கொண்டு கணினியியலைத் தொல்காப்பியர் முன்னரே கண்டார் எனக் கூறுதல் ஆய்வாகாது. புணரியல் வழக்கிலுள்ள மொழியை விளக்குவது. அதன் களம் ஒலித்தொடர். தூவோ சோம்ஸ்கியோ ரோசன்ஃபெல்டோ தொல்காப்பியத்திலிருந்து எடுத்துக்கொண்டார் என்பதற்குச் சான்றில்லை.

ஆயினும், நுணுகி நோக்குவார்க்கு அங்கு ஓர் உண்மையான ஒப்புமை உண்டு. பொன் என்பதனொடு குடம் சேர்ந்து, பொன்னாலாகிய குடம் என்னும் பொருள்பட நின்றால் பொற்குடம் ஆகும். பொன் என்பதனொடு கடிது என்பது எழுவாயும் பயனிலையுமாய்ச் சேர்ந்தால் பொன் கடிது என இயல்பாகவே நிற்கும். இரண்டிடத்தும் கூடுவன னகரமும் ககரமுமே. எழுத்துகளை மட்டும் பார்க்கும் விதி இவ்விரண்டையும் வேறுபடுத்தாது. வேற்றுமைப் புணர்ச்சியா, அல்வழிப் புணர்ச்சியா என்னும் உறவு அறியப்பட்டால் மட்டுமே திரிபு முடிவாகும். அவ்வுறவு எழுத்துகளில் இல்லை. இரு சொற்களையும் இணைக்கும் தொடர்பின்மேல் நிற்கிறது. கோட்டுரு இலக்கணத்தின் நடையில் அது விளிம்பின் குறிப்பெயர்.

கோலத்தின் வெட்டுமுனையில் நின்ற விதிக்குக் கம்பியின் நிறம் தேவைப்பட்டமையும், புணர்ச்சியில் நின்ற விதிக்கு வேற்றுமை, அல்வழி என்னும் பகுப்பு தேவைப்பட்டமையும் ஒரே வகைத் தேவை. விதி செயல்படுவது ஓரிடத்தில். அது சரியாகச் செயல்படுவதற்கான செய்தி இருப்பது வேறிடத்தில். தமிழ் இலக்கண மரபு தன் விதிகளை முற்ற வரித்தன்மை உடையனவாக அமைக்கவில்லை என்பதை இப்புதிய துறையின் துணையால் நாம் தெளிவாகக் கூற இயல்கிறது. முன்மை கோருவதைவிட இத்தெளிவு பயனுடையது.

முடிவுரை

கோட்டுரு இலக்கண வரலாற்றில் கோலத்தின் இடத்தை மூன்று நிலையில் வரையறுக்கலாம். அது அத்துறையைத் தோற்றுவிக்கவில்லை. அத்துறையின் கருத்துகள் தம் ஆற்றலைச் சோதித்துக்கொண்ட களங்களுள் ஒன்றாக அது இருந்தது. ஒரு வகை இலக்கணத்துக்குத் தன் பெயரையும் தந்தது. மார்சியா ஆஷர் 2002இல் இவ்வரலாற்றைக் கணித உலகின் பொது வாசகர்க்கு எடுத்துரைத்தார். திமத்தி வேரிங் 2012இல் கோலங்களைத் தொடர்ச்சியான கைச்செயல்களாகக் குறிக்கும் முறையை வெளியிட்டார். அவரும் பிறரும் தமிழகப் பெண்கள் இட்ட கோலங்களைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை 2021இல் வெளிவந்தது.

இவ்வாய்வுகள் அனைத்தும் சுட்டும் ஒன்று உண்டு. கோலம் இடும் பெண்ணிடம் இருப்பது படம் அன்று, விதி. இதழ்களின் கோலப் பக்கத்தில் ‘13 புள்ளி, 7 வரை, இடுக்குப்புள்ளி’ என ஒரு குறிப்பு காணப்படும். நடுவே 13 புள்ளி இட்டு, இருபுறமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து 7இல் நிறுத்துக என்பது அதன் பொருள். 127 புள்ளிகள் உள்ள ஓர் ஒழுங்கான அறுகோணம் அச்சிறு குறிப்பினுள் அடங்கியிருக்கிறது. இவ்விதிகளை ஆக்கியவர், கைமாற்றியவர் பெயர்களோ கட்டுரைகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. கோலம் என்னும் சொல் பன்னாட்டுக் கலைச்சொல்லாயிற்று; அதனை இட்ட கைகள் பெயரற்றே நின்றன.

நம் தொகுப்பு நூல்களில் முடிந்த கோலங்களே அச்சிடப்படுகின்றன. கம்பி எங்கே தொடங்கியது, எத்திசையில் சென்றது, பிழை நேர்ந்தபோது எங்கே திருத்தப்பட்டது, அளவைப் பெருக்கும்போது எவ்விடத்தில் வரிசை கூட்டப்பட்டது, அதனைச் சொல்லிக் கொடுக்கும்போது எச்சொற்கள் ஆளப்பட்டன என்பன அவற்றில் இல்லை. வாசலில் ஒட்டுக் கோலங்கள் பெருகிவரும் காலத்தில், படம் எஞ்சி விதி மறையும் வாய்ப்பு மிகுதி. நாட்டுப்புறவியலும் இலக்கணமும் ஒருங்கே கற்பிக்கப்படும் தமிழ்த்துறைகளுக்கு இப்பணி இயல்பாகவே உரியது. இட்டவர் விரும்பினால் அவர்தம் பெயரும் ஊரும், இடும் வரிசையும், ஆளும் சொற்களும் சேர்ந்த பதிவுகள் வேண்டும். கணினியியலார்க்கு அவை சான்றாகும். நமக்கோ அவை இன்னும் எழுதப்படாத ஓர் இலக்கண நூலின் மூலமாகும்.